வழி தெரிகிறது, முகம் தெரியவில்லை: மாகுலா சிதைவு வந்த ஒரு தோட்டத்து வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு தோட்டத்து வீடு. அங்கே இருப்பவர் 71 வயதுப் பெண்மணி, கணவர் காலமாகிவிட்டார். மகன் விசைத்தறிக் கூடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மருமகளைத் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு வந்து ஏற்றிப்போகும். பேரன் பள்ளியில் படிக்கிறான். ஆகப் பகல் முழுக்க அவர் தனியாள். சமையல், இரண்டு எருமைகள், சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது, முருங்கைக்காயைத் தரம் பிரித்துக் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

இரு கண்ணிலும் கண்புரை அறுவை முடிந்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, இரவில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார்.

வலது கண் மங்கி இரண்டு வருடமாகியிருந்தது. இடது கண் நன்றாகத் தெரிந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரும்தான். தை மாதம் கரண்டு கம்பம் நடுவில் வளைந்து தெரிவதாகச் சொன்னார். “ஆப்ரேசன் பண்ணின கண்ணுதானுங்கத்தை, மறுபடி என்ன வரப்போகுது” என்று மருமகள் ஆறுதல் சொன்னதோடு பேச்சு நின்றுவிட்டது. நேர்கோடு வளைந்து தெரிவது கண்புரையின் குணமல்ல. விழித்திரையின் மையம் மேடுபள்ளமானால்தான் அப்படித் தெரியும். இது தெரியாததால் பல குடும்பங்களில் மாதங்கள் வீணாகின்றன.

மருத்துவமனையில் கண்டது

மாசியில் கோவையில் ஒரு கண் மருத்துவமனைக்கு வந்தார். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் வலது விழித்திரையின் நடுவில் பழைய தழும்பு தெரிந்தது, பார்வை 2/60 (இயல்பான கண் 60 மீட்டரில் காண்பதை 2 மீட்டரில்தான் காண முடியும்). இடது கண்ணில் ஈரவகை மாகுலா சிதைவு; மாகுலா என்பது விழித்திரையின் மையப் பகுதி. விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்து நீர் கசிந்திருந்தது, பார்வை 6/60. சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு இல்லை என்பதும் உறுதி செய்யப்பட்டது.

இடது கண்ணுக்கு புது ரத்தக் குழாய்களை அடக்கும் பெவாசிசுமாப் ஊசிகள், மாதம் ஒன்றாக மூன்று போடப்பட்டன. நீர் வற்றி, பார்வை 6/36க்கு வந்தது. வலது கண்ணில் தழும்பு முற்றிவிட்டதால் அங்கே ஊசி போடுவதில் பயனில்லை என்று முடிவானது. இருக்கிற பார்வையைப் பிடித்து வைப்பதே ஊசியின் முதல் வேலை என்று மருத்துவர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் குடும்பம் எதிர்பார்த்தது வேறு. புரை அறுவைக்கு மறுநாள் பளிச்சென்று தெரிந்தது இன்னும் எல்லோர் நினைவிலும் இருந்தது.

சத்து மாத்திரை பற்றியும் கேட்டார்கள். 2013இல் முடிவுகள் வெளியான, வயதால் வரும் கண்நோய்கள் பற்றிய ஏஆர்இடிஎஸ் 2 என்ற அமெரிக்க ஆய்வின் கலவையில் வைட்டமின் சி 500 மில்லிகிராம், லூட்டீன் 10 மில்லிகிராம், ஜியாசாந்தின் 2 மில்லிகிராம், இவற்றோடு வைட்டமின் ஈ, துத்தநாகம், தாமிரம் இருக்கும். நோய் இடைநிலையில் உள்ளவர்களுக்கும், ஒரு கண் மட்டும் முற்றியவர்களுக்கும் நோய் முற்றுவதைத் தள்ளிப்போடத்தான் அந்த மாத்திரை. இவருக்கு இரு கண்ணிலும் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மாத்திரைக்கு ஆகும் காசு ஊசிக்குப் போகட்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கவில்லை. சரியான முடிவு.

வீட்டுக்குப் போகக் காரணமான சம்பவம்

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு மாடு கட்டும் கட்டுத்தரையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். பேரன் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்தார். பக்கத்து ஊர் மருந்துக் கடையில் அந்த மாதம் அம்லோடிபின் வேறு கம்பெனியுடையதாக வந்திருந்தது. அதுவரை அட்டையின் அகலத்தைத் தடவித்தான் காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று பிரித்துவந்தார். புது அட்டை, சர்க்கரை மாத்திரை அட்டையின் அளவிலேயே இருந்தது. இரண்டிலும் மாத்திரை சிறியது. இரவு மாத்திரையென்று நினைத்துக் கிளிமிபிரைடைச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுங்கியிருக்கிறார், ரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டது.

எழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதே அன்றுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. அதன் பிறகே, மீதமுள்ள பார்வையை வைத்து வேலை செய்யப் பழக்கும் எங்கள் குறைபார்வைப் பிரிவுக்கு வந்தார்கள்.

குறைபார்வைப் பிரிவின் சோதனை

25 சென்டிமீட்டர் தூரத்தில், படிக்கும் கண்ணாடியுடன், அறை வெளிச்சத்தில் அவரால் என்24 எழுத்துவரைதான் படிக்க முடிந்தது (இந்த அளவுகோலில் எண் கூடக் கூட எழுத்து பெரிது). ஒரு மேசை விளக்கை இடப்பக்கமிருந்து தாள்மேல் திருப்பியதும் என்18 படித்தார். மருந்து அட்டைக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் என்8 வேண்டும். என்24இலிருந்து என்8க்கு மூன்று மடங்கு பெருக்கம் தேவை, அதாவது 12 டயாப்டர் (லென்ஸ் சக்தியின் அளவு) லென்ஸ், எட்டு சென்டிமீட்டர் தூரம். விளக்கு இருந்தால் இரண்டேகால் மடங்கு போதும், 9 டயாப்டர், 11 சென்டிமீட்டர். விளக்கு ஒன்றே லென்ஸின் சக்தியில் கால் பங்கைக் குறைத்துவிடுகிறது. தூரப்பார்வையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 6/36க்கு 6 டயாப்டர்தான் வரும். மாகுலா நோயாளிக்கு அது போதாது. எழுத்தின் அளவோடு, எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள நிற வேறுபாடு மங்குவதும், மையத்தில் விழும் மறைவும் சேர்ந்துதான் வாசிப்பைக் கெடுக்கின்றன.

தமிழ் எழுத்தில் அவர் தடுமாறிய இடங்களைத் தனியே குறித்தோம். ன, ண, ள மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன. ர என்பதும் துணைக்காலும் குழம்பின. முதலில் காணாமல் போனது புள்ளி. உடல் எழுத்து தெரிகிற அளவில் புள்ளி தெரிவதில்லை. அதனால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் புள்ளியையும் தடித்த மார்க்கரால் நன்றாக அழுத்தி வைக்க வேண்டும்.

வீட்டில் பார்த்தது

வைகாசியில் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் கிடந்த மண்வெட்டியைத் தாண்டி நடந்து வந்து வரவேற்றார். வந்திருப்பது யாரென்று குரல் கேட்கும்வரை தெரியவில்லை. “நல்லாத்தானுங்க தெரியுது கண்ணு. பாக்கோணும்னு பாத்தாத்தான் மறைஞ்சுக்குது” என்றார். மாகுலா சிதைவின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது. ஓரப்பார்வை நன்றாக இருப்பதால் சுவரில் முட்டுவதில்லை, எருமை நகர்வது தெரிகிறது. எதன்மேல் பார்வையை நிறுத்துகிறாரோ அது மட்டும் போய்விடுகிறது. போன இடம் கருப்பாகவும் தெரிவதில்லை. சுற்றியிருப்பதை வைத்து மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்வதால், இருப்பது தெரியாதது மட்டுமின்றி, இல்லை என்றே தோன்றிவிடுகிறது.

இது வெளியாருக்குப் புரியாமல் வந்த மனத்தாங்கல்கள் பல. பங்குனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார். “கண்டும் காணாமப் போயிட்டாங்க” என்று ஒறம்பரை (உறவினர்) நடுவே பேச்சாகி, மூன்று மாதம் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. தரையில் கிடக்கும் ஊசி தெரியாதவர் தூரத்தில் வரும் பஸ்ஸைச் சொல்லிவிடுவார். அதைப் பார்த்து மகனுக்கே, அம்மா நடிக்கிறாரோ என்ற ஐயம் இருந்திருக்கிறது.

சமையலறைதான் அதிகம் சொல்லிக் கொடுத்தது. ஒரே பல்ப், 9 வாட்ஸ், கதவு பக்கத்துச் சுவரில். அடுப்பு மேடை எதிர்ச் சுவரில். அவர் நின்றால் அவர் நிழலே வாணலிக்குள் விழும். மேடை கருப்புக் கடப்பாக் கல். அதன்மேல் வெங்காயம் பளிச்சென்று தெரிந்தது. கத்தரிக்காயும் கத்தியின் கருப்புப் பிடியும் கல்லோடு கரைந்துபோயின. பாத்திரம் எல்லாம் எவர்சில்வர். நம் வீடுகளுக்கு இவ்வளவு பழக்கமான இந்தப் பாத்திரம், மையப்பார்வை போனவருக்கு ஒத்துவராது. பளபளப்பு கண்ணைக் கூசச் செய்கிறது, பால் எதுவரை நிரம்பியது என்பதும் தெரிவதில்லை. எவர்சில்வர் வட்டலில் சோறும், சோற்றின்மேல் மோரும், எல்லாம் ஒரே வெள்ளை. உச்சிப் பொழுதில் காஸ் அடுப்பின் நீலத் தீ தெரியாமல், எரிகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவந்தார். வலது உள்ளங்கையில் ஆறிய சூட்டுத் தழும்பு இருந்தது.

வெயிலிலிருந்து உள்ளே வந்தால் பல நிமிடங்களுக்கு ஒன்றும் புலப்படுவதில்லை. மாகுலா நோயில் இருட்டுக்குக் கண் பழகுவது மெதுவாகிவிடும். முன்கூடமான ஆசாரத்துக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள ஒற்றைப் படியில் இரண்டு முறை இடறியிருக்கிறார், இரண்டும் கட்டுத்தரையிலிருந்து வந்த உடனே.

எடுத்த முடிவுகளும் காரணமும்

லென்ஸை விட வெளிச்சத்தை முதலில் சரிசெய்வது என்று தீர்மானித்தோம். செலவு குறைவு, பழகவும் வேண்டியதில்லை. அடுப்பு மேடைக்கு நேர்மேலே, அவர் தலைக்கு முன்னால் விழும்படி நான்கு அடி எல்இடி டியூப் மாட்டப்பட்டது. வேலை செய்யும் இடத்துக்கு வளையும் கழுத்துள்ள ஒரு விளக்கு, இடது கண் பக்கம். பல்பு நேராகக் கண்ணில் படாமல் குடையால் மறைக்க வேண்டும். விளக்கை 60 சென்டிமீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதனால் பெரிய பல்ப் வாங்குவதை விட, இருப்பதைக் கிட்டே இழுப்பது மேல்.

அடுத்து நிறம். கத்தரி, பீட்ரூட், கீரை நறுக்க வெள்ளைப் பலகை. வெங்காயம், தேங்காய், பூண்டுக்குக் கடப்பாக் கல்லே போதும். சோற்றுக்கு அடர்நீல மெலமைன் தட்டு, பாலுக்கும் மோருக்கும் பழுப்புப் பீங்கான் கோப்பை. வரக்காப்பிக்கு மட்டும் வெள்ளைக் கோப்பை. ஒற்றைப் படியின் விளிம்பில் இரண்டு அங்குல அகலத்தில் மஞ்சள் பெயின்ட் பட்டை அடிக்கப்பட்டது. வெயிலில் போகும்போது விளிம்பு வைத்த தொப்பி, உள்ளே வந்ததும் ஆசாரத்தில் உட்கார்ந்து கண் பழகிய பிறகே படி இறங்குவது என்று பழக்கப்படுத்தினோம்.

காஸ் அடுப்புக்குத் தொடு அடையாளம். திருகு அணைந்த நிலையில் நிற்கும் இடத்திலும் சிம் நிலையிலும் எம்-சீலைப் பட்டாணி அளவு உருட்டி ஒட்டினோம். முதலில் ஒட்டியது நான்கே நாளில் உதிர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, ஒட்டிய பிறகு ஓர் இரவு தொடாமல் விட்டால்தான் நிற்கும். தீ எரிகிறதா என்பதைக் கையால் பார்ப்பதை நிறுத்தி, பற்றும் சத்தத்தைக் கேட்பது, பாத்திரத்தை வைத்த பிறகே பற்றவைப்பது என்று வரிசையை மாற்றினோம்.

அரிசியில் கல் பொறுக்குவதுதான் அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. பேரன் சோற்றில் கல்லைக் கடித்ததிலிருந்து மருமகள் விடியற்காலையிலேயே சோறாக்கி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்திருந்தார். முறத்தில் பரப்பிக் கண்ணால் தேடுவதை விட்டுவிட்டு, பழைய முறைப்படி அரித்தெடுக்கச் சொன்னோம். அகன்ற போசியில் அரிசியைப் போட்டு, நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, போசியைச் சாய்த்து முன்னும் பின்னும் அசைத்தால் அரிசி தண்ணீரோடு எழும். அதை இன்னொரு போசிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்க வேண்டும். கனமான கல் அடியில் தங்கிவிடும். கடைசிக் கைப்பிடி அரிசியைப் போசியிலேயே விட்டுவிட வேண்டும், அதைச் சேர்த்துச் சரித்தால் கல்லும் சேர்ந்து போகும். இது கண்ணுக்கு வேலையே வைக்காத முறை. ராகி களைவதில் அவருக்கு ஏற்கெனவே கை பழகியிருந்தது. முதல் வாரமே கல் நின்றது.

மாத்திரைக்கு, அட்டையில் ரப்பர் பேண்டு. காலைக்கு ஒன்று, இரவுக்கு இரண்டு. காலை அட்டை சமையலறையில், இரவு அட்டை கட்டில் தலைமாட்டில். நாள்வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டியும் முயன்று பார்த்தோம். மூடிகள் சிறியதாக இருந்ததால் திறக்கும்போது மாத்திரை தெறித்து விழுந்தது, விழுந்ததைத் தேடவும் முடியவில்லை. கைவிட்டோம். மாத்திரையின் கம்பெனி மாறினால் கடைக்காரர் மகனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று கடையிலேயே சொல்லி வைத்தாயிற்று.

பணத்தில் குழப்பம் 20க்கும் 200க்கும் இடையே. இரண்டும் மஞ்சள் சாயல். வாரச் சந்தையில் 20 என்று நினைத்து 200 கொடுத்திருக்கிறார். 20 ரூபாய் நோட்டின் நீளம் 129 மில்லிமீட்டர், 200இன் நீளம் 146. நோட்டை விரல்களுக்கு நடுவே நீட்டிப் பிடித்தால் வித்தியாசம் தெரியும் என்றாலும், சந்தை நெரிசலில் அது நடக்காது. அதனால் வீட்டிலேயே மடித்து வைத்துக்கொள்வது என்று முடிவு. 500 நீளவாக்கில் மடிப்பு, 200 குறுக்கே இரண்டாக, 100 மடிக்காமல், அதற்குக் கீழே உள்ளவை சுருக்குப் பையின் இன்னொரு அறையில். 10 ரூபாய், 20 ரூபாய் நாணயங்கள் இரண்டும் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் 20க்குப் பன்னிரண்டு பக்கம் உண்டு, விளிம்பைத் தடவினால் போதும்.

லென்ஸில் மூன்று வகை காட்டப்பட்டது. கையில் பிடிக்கும் லென்ஸ் கை நடுக்கத்தில் நிற்கவில்லை. கண்ணாடியில் பொருத்தும் 10 டயாப்டர் லென்ஸுக்குத் தாளை மூக்கருகே கொண்டுவர வேண்டியிருந்தது, கழுத்து வலி என்று கழற்றி வைத்துவிட்டார். தாளின்மேல் உட்கார்ந்துகொள்ளும், விளக்குள்ள 12 டயாப்டர் ஸ்டாண்டு லென்ஸ் பொருந்தியது. 9 போதும் என்று கணக்கு சொன்னாலும், பார்வை இன்னும் இறங்கக்கூடிய நோய் என்பதால் ஒரு படி கூடுதலாகக் கொடுத்தோம். இதில் வழக்கமாக நேரும் தவறு, லென்ஸ் இருக்கிறதே என்று படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிடுவது. ஸ்டாண்டு லென்ஸ் வழியே வரும் பிம்பத்தைத் தெளிவாகப் பார்க்கக் கிட்டப்பார்வைக் கண்ணாடியும் வேண்டும்.

முகம் பார்க்க இந்த லென்ஸ்கள் உதவாது. ஓரப்பார்வைப் பயிற்சிதான் வழி. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, 12, 3, 6, 9 என்று ஒவ்வொரு எண் பக்கமும் பார்வையை நகர்த்தி, எங்கே பார்க்கும்போது முகம் நன்றாகத் தெரிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இவருக்கு 12, அதாவது தலை உச்சிக்கு மேலே பார்த்தால் கண்ணும் மூக்கும் கீழ்ப்பக்கப் பார்வையில் வந்தன. தினசரிக் காலண்டரின் பெரிய தேதி எண்ணை வைத்துக் காலையும் மாலையும் பத்து நிமிடம் பயிற்சி. பிறகு கண்ணை அசைக்காமல் தாளை நகர்த்திப் படிப்பது. வீட்டாருக்கு ஒரே ஒரு விதி: கிட்டே வந்தவுடன் பேரையோ உறவையோ சொல்லிவிட வேண்டும்.

ஸ்மார்ட்போன் வேண்டாம் என்றார். வற்புறுத்தவில்லை. பட்டன் போனில் 5ஆம் எண்மேல் மேடு உண்டு, அதிலிருந்து விரலை நகர்த்தி 2, 3, 4இல் மகன், மருமகள், பேரன் எண்களைப் பதிந்து கொடுத்தோம். சொசைட்டிச் சீட்டில் மங்கிய சாம்பல் எழுத்து, ஸ்டாண்டு லென்ஸிலும் சிரமம்தான். லிட்டரையும் கொழுப்பு அளவையும் பால் ஊற்றும்போதே செயலர் வாய்விட்டுச் சொல்ல ஒப்புக்கொண்டார். பேரன் தினம் நோட்டில் தடித்த எழுத்தில் ஏற்றுகிறான்.

யாரும் கேட்காமல் வெளிவராத ஒன்று

ஆனி மாதச் சந்திப்பில், இல்லாதது எதுவும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டோம். தயங்கி, மருமகளை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பேசினார். பொழுதோடு பாவாடை கட்டிய குழந்தைகள் பொடக்காலிப் (புழக்கடை) பக்கம் நிற்கிறார்கள், பேசுவதில்லை, சுவரில் கோலம் போலக் கட்டங்கள் தெரிகின்றன. மாதக் கணக்காக இது இருக்கிறது. புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், அல்லது மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள் என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை.

இதற்குச் சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். பார்வை குறைந்த தன் தாத்தா கண்ட காட்சிகளை 1760இல் எழுதி வைத்த சுவிஸ் அறிஞரின் பெயர் அது. கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்ததும் மூளை தானாகக் காட்சிகளை உண்டாக்குகிறது. காட்சி மட்டும்தான், குரல் கிடையாது. அது உண்மையல்ல என்பது பார்ப்பவருக்கே தெரியும். இந்த இரண்டும் பொருந்தாவிட்டால், அல்லது திடீரென்று குழப்பமோ காய்ச்சலோ சேர்ந்தால், வேறு காரணம் தேட வேண்டும். இவருக்கு நினைவாற்றல் சோதனை சரியாக இருந்தது. காட்சி வரும்போது விளக்கைப் போடவும், தலையை அசைக்காமல் கண்ணை இடமும் வலமும் சில முறை ஓட்டவும் சொல்லிக் கொடுத்தோம். பிறகு அவர் சம்மதத்தோடு வீட்டாரையும் உட்கார வைத்து விளக்கினோம். அன்று அவர் அழுதார். கண் போனதற்குக்கூட அதுவரை அழுததில்லை என்றார் மருமகள்.

தொடர்ந்து நடந்தது

ஆடியில் முருங்கை அறுப்பு. மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஊசி போட்டும் முன்போலத் தெரியவில்லையே என்ற சலிப்பும் சேர்ந்து, வர வேண்டிய தேதி தவறியது. ஆவணிக் கடைசியில் வந்தபோது இடது கண்ணில் மறுபடி நீரும் கொஞ்சம் ரத்தக் கசிவும் இருந்தன. பார்வை 6/60. ஊசி மீண்டும் தொடங்கி நீர் வற்றியும் பார்வை அதே 6/60இல் நின்றுவிட்டது. 12 டயாப்டர் லென்ஸ் கொடுத்து வைத்தது இங்கே கைகொடுத்தது, மருந்து அட்டையை இன்னும் படிக்கிறார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் நல்ல கண் 6/60, மற்றக் கண் 3/60க்கும் கீழ் என்ற கணக்கில் 60 சதவீதச் சான்று கிடைத்தது. பலன்களுக்குக் குறைந்தபட்சம் 40 சதவீதம் வேண்டும்.

அடுத்த தையில் பார்த்தபோது சமையல் முழுதும் அவர் கைக்குத் திரும்பியிருந்தது. மாத்திரை மாறவில்லை. சூடு படவில்லை. காட்சிகள் வாரத்துக்கு ஓரிரு முறையாகக் குறைந்தன. நாத்தனார் வீட்டுக்கு மகனே போய் நோயை விளக்கிச் சொன்ன பிறகு போக்குவரத்து சரியாயிற்று. ஊசியில் நூல் கோப்பது, தார்ச் சாலையைத் தனியே கடப்பது, முருங்கையில் புழு பார்ப்பது மூன்றையும் விட்டுவிட்டார். வெள்ளைக் கோல் வேண்டாம் என்றது அவர் விருப்பம். ஊருக்குள் வைத்திருக்கலாம் என்பதுதான் இன்றும் எங்கள் கருத்து.

இனி மாற வேண்டியவை

குறைபார்வைப் பிரிவுக்கு அனுப்புவது முதல் ஊசி போடும் வாரத்திலேயே நடக்க வேண்டும். மூன்று ஊசி முடியட்டும் என்று காத்திருந்த இடைவெளியில்தான் மாத்திரை மாறியது. மாயக் காட்சி பற்றிய கேள்வி முதல் சந்திப்பிலேயே, தனியே, “பார்வை குறைந்தவர்கள் பலருக்கு இப்படித் தெரியும்” என்ற முன்னுரையோடு கேட்கப்பட வேண்டும்.

ஊசித் தேதியைக் குடும்பத்தின் ஷிப்ட் அட்டவணையையும் அறுப்புக் காலத்தையும் கேட்டே குறிக்க வேண்டும். துணைக்கு வரக்கூடிய இரண்டாவது ஆள் ஒருவர் பெயரும் கோப்பில் இருக்க வேண்டும். தேதிக்கு முன்தினம் போன் போவதோடு, தவறினால் அந்த வாரமே இன்னொரு போன் போக வேண்டும்.

வீட்டுச் சோதனைக்கு, கோடு வளைகிறதா என்று பார்க்கும் ஆம்ஸ்லர் கட்டத் தாள் கொடுத்தால் அது பீரோவுக்குள் போய்விடுகிறது. இவர் வீட்டில் இப்போது தினம் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளைப் பார்க்கிறார். கம்பி நேற்றைவிட அதிகம் வளைந்தாலோ, நடுவில் அறுந்து தெரிந்தாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே பேரனுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. 50 வயதை நெருங்கும் மகனுக்கும், அவருடைய இரண்டு தங்கைகளுக்கும் விழித்திரைப் பரிசோதனைக்குத் தேதி கொடுக்கப்பட்டிருக்கிறது. மகனிடம் பீடியை நிறுத்தவும் சொல்லியிருக்கிறது. இந்த நோயில் நம் கையில் உள்ள காரணங்களில் புகைதான் பெரியது.